மாயப்பொருளுக்கும் வில்லங்கச் சான்றிதழ் உண்டு

ஃபேன்டஸி என்கிற மாயக்கதை எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "மந்திரம்தானே, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்." இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. அவர்களிடம் தடித்தடியாக விதிப்புத்தகம் இருக்கும். எந்த மந்திரத்துக்கு எத்தனை அலகு ஆற்றல் செலவாகும் என்று அட்டவணை இருக்கும். கதை மட்டும் இருக்காது. இரண்டு கட்சியும் வழுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். ஒரு மோதிரத்தையோ வாளையோ கற்பனை செய்ததும், அதற்கு என்ன சக்தி என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். அது யார் கையில் வேலை செய்யும், என்ன கொடுத்தால் செய்யும், எப்போது காலை வாரும் என்று கேட்பதே இல்லை. கதை இருப்பது அங்கேதான்.

புதிதாக வருகிறவர்களுக்காக நான்கு சொற்களை முதலில் வைத்துக்கொள்வோம். கதையோ விளையாட்டோ நடப்பதற்கான கற்பனை உலகத்தை அதன் நிலம், சட்டம், சாமி, சந்தை எல்லாவற்றோடும் கட்டுவது உலகாக்கம். அந்த உலகத்தில் சாதாரணப் பொருளால் ஆகாததைச் செய்கிற பொருள் மாயப்பொருள். அது வாளாகவும் இருக்கலாம், ஓட்டைச் சட்டியாகவும் இருக்கலாம். குறிப்பிட்ட முறைப்படி செய்தால்தான் பலிக்கும் என்கிற செயல்வரிசை சடங்கு. இவையெல்லாம் எந்த விதிக்குக் கட்டுப்பட்டவை என்கிற ஏற்பாடு மாய அமைப்பு.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது

நிலம் வாங்கப் போனவர்களுக்கு இது தெரியும். முத்திரைத்தாள் என்பது வெறும் காகிதம். அதில் "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்கிற பாணியில் பத்திர எழுத்தர் எழுதிக் கொடுப்பார். யாரும் வீட்டில் இப்படிப் பேசுவதில்லை. விற்கிறவர் வருகிறார், வாங்குகிறவர் வருகிறார், சாட்சிக்கு இரண்டு பேர் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள், கைரேகை வைக்கிறார்கள், அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். யாழ்ப்பாணமாக இருந்தால் பத்திரம் எழுதும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருந்தாக வேண்டும். வெளியே வரும்போது நிலம் கைமாறியிருக்கிறது. அங்கே வயலில் ஒரு வரப்புகூட அசையவில்லை.

இப்போது ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். சாட்சி ஒருவர் வரவில்லை என்றால் பதிவு நின்றுபோகும். விற்றவருக்கு அந்த நிலமே சொந்தமில்லை என்றால், தாளும் முத்திரையும் அசலாக இருந்தும் பத்திரம் பிரயோசனப்படாது. தீர்வை கட்டாவிட்டால் நகராது. தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் முப்பது வருஷத்துக்கு முன் யாரோ வாங்கிய கடன் தலைகாட்டும்.

மாயப்பொருளையும் சடங்கையும் இப்படித்தான் யோசிக்க வேண்டும். தாள்தான் பொருள், பதிவுதான் சடங்கு, தீர்வைதான் விலை. தாய்ப்பத்திரம் அதன் வரலாறு. வில்லங்கம்தான் நாம் சாபம் என்று சொல்வது. இந்த ஐந்தில் தாளின் அழகைப் பற்றி மட்டும் பத்துப் பக்கம் எழுதிவிட்டு மற்ற நான்கையும் விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்கிற வேலை. பிடியில் நாகம், நாகத்தின் கண்ணில் மாணிக்கம், மாணிக்கத்துக்குள் நீல ஒளி என்று போய்க்கொண்டே இருக்கும்.

சொன்னால் நடந்துவிடும் சொல்

பதிவு அலுவலகத்தில் நடக்கிற இந்த விஷயத்தை தத்துவத்தில் ஒருவர் அலசியிருக்கிறார். ஆக்ஸ்ஃபர்டு பேராசிரியர் ஜே. எல். ஆஸ்டின், 1955-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், சில கூற்றுகள் எதையும் விவரிப்பதில்லை, ஒரு காரியத்தைச் செய்துவிடுகின்றன என்று காட்டினார். கப்பலுக்குப் பெயர் சூட்டுவது, பந்தயம் கட்டுவது, கல்யாணத்தில் சம்மதம் சொல்வது எல்லாம் அந்த வகை. இவற்றை மெய்யா பொய்யா என்று கேட்க முடியாது. செல்லுமா செல்லாதா என்றுதான் கேட்க முடியும். இப்படிப்பட்ட கூற்றைச் செய்சொல் என்று வைத்துக்கொள்வோம்.

செய்சொல் பலிக்க ஆஸ்டின் சொன்ன நிபந்தனைகள் மந்திரவாதியின் சுவடியில் இருக்க வேண்டியவை போலவே இருக்கின்றன. எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை ஒன்று இருக்க வேண்டும். அதைச் செய்யத் தகுதியுள்ள ஆள் செய்ய வேண்டும். முறை பிசகாமல், பாதியில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். சொல்கிறவர் மனதார நினைத்துச் சொல்ல வேண்டும்.

எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த பகுதி. தோல்வியில் இரண்டு வகை இருக்கிறது என்றார் அவர். ஒன்று, காரியமே நடக்காமல் போவது: தகுதியில்லாதவன் தாலி கட்டி வைத்தால் கல்யாணம் செல்லாது. மற்றொன்று, காரியம் நடந்துவிடும், ஆனால் செய்தவன் மனதில் பொய் இருக்கும். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுத்த வாக்கும் வாக்குதான். கொடுத்தவன் அதில் மாட்டிக்கொண்டுவிட்டான். கற்பனை உலகத்துச் சடங்கு பிசகும்போது இந்த இரண்டில் எது நடக்கிறது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் வகையில் பூதம் வராது. இரண்டாம் வகையில் பூதம் வந்துவிடும், கூப்பிட்டவனுக்குத்தான் அது வேண்டியிருக்காது. எனக்குக் கேட்டால் இரண்டாவதில்தான் கதைக்குத் தீனி அதிகம்.

ஆஸ்டின் மந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் ஒப்புக்கொள்வதால் நிலம் கைமாறுகிறது, அவ்வளவுதான் அவர் சொன்னது. ஃபேன்டஸியில் நாம் செய்கிற மாற்றம் ஒன்றே ஒன்று: ஒப்புக்கொள்கிறவர்கள் பட்டியலில் காற்றையும் கல்லையும் சாவையும் சேர்த்துவிடுகிறோம்.

ஒத்தது ஒத்ததை இழுக்கும், தொட்டது விடாது

நிபந்தனை வேண்டும் என்பது சரி, எந்த நிபந்தனை? வாய்க்கு வந்ததை வைத்தால் வாசகருக்கு ஒட்டாது. வியாழக்கிழமை, ஏழு காக்கை இறகு, நீலப் பாத்திரம் என்று அடுக்கினால் ஏன் நீலம் என்று கேட்பார்.

இதற்குக் கைகொடுப்பவர் மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேசர். 1890-ல் முதல் பதிப்பு வந்த தி கோல்டன் பவ் என்ற தன் பெரிய நூலில், உலகம் முழுவதிலுமிருந்து வந்த மாந்திரீகக் குறிப்புகளைத் திரட்டி, அவற்றுக்கு அடியில் இரண்டே விதிகள் ஓடுவதாகச் சொன்னார். ஒத்தது ஒத்ததை உண்டாக்கும் என்பது ஒப்பு விதி: பொம்மையைக் குத்தினால் ஆளுக்கு வலிக்கும். ஒருமுறை தொட்டுக்கொண்டவை பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது தொற்று விதி: வெட்டிய நகம், உதிர்ந்த முடி. நம் வீடுகளில் கண்ணேறு கழிக்கக் காலடி மண் எடுப்பது இரண்டாவதற்குள் வந்துவிடும். ஃப்ரேசர் களத்துக்குப் போனவர் இல்லை, புத்தகங்களை வைத்தே எழுதினார். மாந்திரீகம் முதலில், பிறகு மதம், பிறகு விஞ்ஞானம் என்று மனித இனம் படியேறியதாக அவர் போட்ட ஏணியை மானுடவியலாளர்கள் எப்போதோ கைவிட்டார்கள். இரண்டு விதிகளை மட்டும் கதை எழுதுகிறவர்கள் விடவில்லை.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டில் இதை நன்றாகப் பார்க்கலாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுகிற ஆட்டம் அது. அதில் தீப்பந்து எறியும் மந்திரத்துக்கு என்ன மூலப்பொருள் தெரியுமா? வௌவால் எச்சமும் கந்தகமும். நகைச்சுவைக்கு வைத்ததுபோலத் தோன்றும். ஆனால் வௌவால் எச்சத்திலிருந்து வெடியுப்பு எடுத்தது நிஜ வரலாறு. வெடியுப்போடு கந்தகத்தையும் கரியையும் சேர்த்தால் வெடிமருந்து. மின்னல் மந்திரத்துக்கு ஒரு துண்டு விலங்கு ரோமமும், அம்பரிலோ கண்ணாடியிலோ செய்த கோலும் வேண்டும். கண்ணாடிக் கோலை ரோமத்தில் தேய்த்தால் நிலைமின் பொறி வரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சின்னப் பொறி தன்னை ஒத்த பெரிய மின்னலை இழுக்கிறது.

இந்தக் குறும்பில் ஒரு தொழில்நுட்பம் ஒளிந்திருக்கிறது. இரண்டு மந்திரங்களைப் பார்த்தவர் மூன்றாவதற்கு என்ன தேவைப்படும் என்று தானே ஊகிக்க ஆரம்பித்துவிடுவார். விதியை யாரும் சொல்லித் தரவில்லை, அவர் கண்டுபிடித்துவிட்டார். நீலப் பாத்திரத்தில் இது நடக்காது.

இதுவரை பார்த்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னால்: சடங்கு என்பது தகுதி, முறை, முழுமை, மனம் ஆகியவற்றை நிபந்தனையாகக் கொண்ட செய்சொல். அதில் என்ன பொருள் சேர்ப்பது என்பதை ஒப்பு விதியும் தொற்று விதியும் சொல்லித் தரும். இன்னும் விலைக்கு வரவில்லை.

தீர்வை கட்டாமல் எதுவும் நகராது

விலை என்பது கடைசியில் ஒட்டவைக்கிற அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு மோதிரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1937-ல் வெளியிட்ட தி ஹாபிட் என்ற சிறுவர் நாவலில், கதாநாயகன் பில்போ குகைக்குள் ஒரு மோதிரத்தைக் கண்டெடுக்கிறான். போட்டுக்கொண்டால் ஆள் மறைந்துவிடுவான், அவ்வளவுதான். முதல் பதிப்பில் கொல்லம் என்கிற குகைவாசி விடுகதைப் போட்டியில் தோற்றால் அதைப் பரிசாகவே தருவதாகச் சொல்கிறான். தோற்ற பிறகு தேடிப் பார்த்தால் காணவில்லை. பாவம், மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போகும் வழியைக் காட்டுகிறான். தொலைந்ததற்கு வருத்தப்பட்டு விருந்தாளியை வழியனுப்புகிற நாகரிகமான ஆசாமி.

பிறகு டோல்கீன் அதன் தொடர்ச்சியான தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸை எழுத உட்கார்ந்தபோது, அந்த மோதிரமே கதையின் அச்சாக மாறியது. வைத்திருப்பவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்கு அடிமையாக்குகிற பொருள் அது. அப்படியென்றால் கொல்லம் அதைப் பரிசாகத் தர முன்வந்திருக்க முடியாது. 1951-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயமே மாற்றி எழுதப்பட்டது. புதிய கொல்லம் கொலைவெறியோடு துரத்துகிறான், மோதிரம் போனதற்கு அலறுகிறான். இதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. பழைய பதிப்பில் இருந்தது பில்போ சொன்ன பொய், மோதிரம் தனக்கு நியாயமாகக் கிடைத்ததாகக் காட்டச் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே கணக்கை நேர்செய்துவிட்டார். மோதிரத்தின் கெடுதல் அந்த முதல் நாளே வேலையைத் தொடங்கிவிட்டதற்கு அதுவே சாட்சியாகவும் ஆகிவிட்டது.

இரண்டு பதிப்பிலும் மோதிரத்தின் சக்தி ஆளை மறைப்பதுதான். விலை வந்து சேர்ந்ததும் மூன்று பாகக் கதை அதன் தோளில் ஏறி உட்கார்ந்தது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு 1976-ல் வந்த துணைநூல் ஒன்றில் வெக்னாவின் கை, வெக்னாவின் கண் என்று இரண்டு மாயப்பொருள்கள் வந்தன. வெக்னா என்பவன் செத்தும் சாகாத மந்திரவாதி. உடம்பு போய் இவை மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கையைப் பயன்படுத்த வேண்டுமானால் உங்கள் கையை வெட்டிக்கொண்டு அதை அங்கே பொருத்த வேண்டும். கண்ணுக்கும் அதே நியாயம். விலையும் பயன்பாடும் ஒரே செயலில் அடங்கிவிடுகின்றன. விளக்கம் தேவையில்லை, பேரம் பேச இடமில்லை. தொற்று விதியும் ஒப்பு விதியும் கூடவே வந்துவிடுகின்றன: அவன் உடம்பில் இருந்தது அவன் சக்தியைச் சுமக்கிறது, கைக்குக் கை, கண்ணுக்குக் கண்.

இதை வைத்து ஆட்டக்காரர்களிடையே வழங்கும் ஒரு கதை இருக்கிறது. ஒரு குழு தன் எதிர்க்குழுவை ஏமாற்ற, வெக்னாவின் தலை என்று ஒன்று இருப்பதாகப் புரளி கிளப்பிவிட்டதாம். எங்கிருந்தோ ஒரு வெறும் தலையைக் கொண்டுவந்து, பொறிகள் வைத்துக் காபந்து செய்ததுபோல் ஒளித்தும் வைத்தார்கள். எதிர்க்குழு கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தது. யார் தலையை வெட்டிக்கொள்வது என்று அடிதடி. ஒருவர் வெட்டிக்கொண்டார், புதுத் தலையை வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. முறையில் ஏதோ பிசகு என்று இன்னொருவரும் வெட்டிக்கொண்டாராம். சிரித்து முடித்ததும் யோசித்துப் பாருங்கள். அவர்கள் முட்டாள்தனமாக நடக்கவில்லை. கைக்குக் கை, கண்ணுக்குக் கண் என்றால் தலைக்குத் தலைதானே? விதி அவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் பொய்ப் பொருளை நம்ப வைக்க முடிந்தது. விலை அதிகமாக இருந்ததே நம்பிக்கைக்குக் காரணமாகவும் ஆகியிருக்கும்.

விலை என்றதும் எல்லோரும் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளங்கையைக் கீறுகிறார்கள். அது ஏன் எப்போதும் உள்ளங்கை? அடுத்த பக்கத்தில் அதே கையால் வாள் பிடிக்க வேண்டியவன் அவன். வலியும் இல்லை, தழும்பும் இல்லை என்றால் அது தீர்வை இல்லை, தீர்வை கட்டிய பாவனை. நேரமும் விலைதான், நினைவும் விலைதான், மற்றவர் முகத்தில் விழிக்க முடியாமல் போவதும் விலைதான். அந்த ஆட்டத்தின் 2014 பதிப்பில் ஓர் ஆள் ஒரே சமயத்தில் மூன்று மாயப்பொருள்களோடு மட்டுமே இணக்கம் வைத்துக்கொள்ளலாம். நான்காவது வேண்டுமென்றால் ஒன்றைக் கைவிட வேண்டும். ரத்தம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஆனால் எதை விடுவது என்று ஆட்டக்காரர்கள் தவிப்பார்கள்.

சடங்கு எங்கே முளைக்கும்

சடங்கை எழுதும்போது அதன் உள்ளமைப்புக்கு மானுடவியலாளர் ஆர்னால்டு வான் ஹெனப் 1909-ல் சொன்ன மூன்று கட்டங்கள் போதும்: பழைய நிலையிலிருந்து பிரிதல், இரண்டுங்கெட்டான் நடுநிலை, புதிய நிலையில் சேர்தல். பெயர் சூட்டல் முதல் சாவு வரை வாழ்க்கைச் சடங்குகளை அவர் இப்படிப் பார்த்தார். ஆபத்து நடுவில் இருக்கிறது. சடங்கு கலையவேண்டுமென்றால் அங்கே கலைத்துவிடுங்கள். பழைய ஆளாகவும் திரும்ப முடியாமல், புதிய ஆளாகவும் ஆகாமல் ஒருவன் தொங்கிக்கொண்டிருப்பான்.

இதைவிட முக்கியமான கேள்வி, ஒரு ஊரில் எந்தக் காரியத்துக்குச் சடங்கு இருக்கும் என்பது. முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினிக்குப் பக்கத்திலுள்ள டிரோபிரியண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானுடவியலாளர் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, 1925-ல் எழுதிய கட்டுரையில் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். கரையை ஒட்டிய காயலில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பது சுலபம், பத்திரம். அதற்கு மந்திரம் இல்லை. திறந்த கடலில் பிடிக்கப் போவது ஆபத்து, மீன் படுமா என்பதும் நிச்சயமில்லை. அதற்கு விரிவான சடங்கு இருந்தது. எங்கே நிச்சயமில்லையோ, எங்கே பயமோ, அங்கே சடங்கு.

உலகாக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை கிடைக்கும். உங்கள் உலகத்தில் காற்றைக் கட்டும் மந்திரம் தவறாமல் பலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அது சடங்காக இருக்காது, தொழிலாகிவிடும். காற்றுக்கட்டிக்குக் கூலி, சங்கம், பஞ்சப்படி எல்லாம் வந்துவிடும். மாலுமிகள் அதற்குக் கைகூப்ப மாட்டார்கள். அவர்களுடைய பயபக்தி எல்லாம் காற்றுக்கட்டி இன்றைக்குக் குடிக்காமல் வர வேண்டுமே என்பதற்கு இடம் மாறிவிடும். புதியவர்கள் எழுதும் உலகங்களில் மந்திரம் தினமும் வேலை செய்யும், ஆனாலும் அதைச் செய்கிறவர்கள் தினமும் கண்ணை மூடி நடுங்குவார்கள். தச்சர் உளியைப் பிடிக்கும்போது நடுங்குவதில்லை.

பொருளின் விதியிலிருந்தே சடங்கு தானாக முளைப்பதற்கு நல்ல உதாரணம், இணையத்தில் பலர் கூடி எழுதும் எஸ்சிபி ஃபவுண்டேஷன் என்ற கற்பனை ஆவணத் தொகுப்பு. 2007-ல் ஒருவர் பெயர் சொல்லாமல் இட்ட ஒரு பதிவில் தொடங்கியது. விநோதப் பொருள்களைப் பிடித்துப் பூட்டி வைக்கிற ரகசிய நிறுவனத்தின் கோப்புகள்போல எழுதப்பட்டவை. பொருள் என்னவென்று சொல்லுமுன் அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறைதான் முதலில் வரும். அந்த முதல் பதிவில் ஒரு சிலை. யாரும் பார்க்காதபோது அது நகர்ந்து கழுத்தை முறித்துவிடும். அதனால் அறைக்குள் போகிறவர்கள் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கக்கூடாது. ஒருவர் கண் சிமிட்டுவதற்கு முன் மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் சிமிட்ட வேண்டும். இதுவும் சடங்குதான். மெழுகுவர்த்தி இல்லை, வட்டம் இல்லை, செத்த மொழி இல்லை. ஆனால் ஒருவர் "சிமிட்டுகிறேன்" என்று சொல்லும்போது படிக்கிறவருக்குத் தன் இமை கனக்கும்.

ஹார்டு, சாஃப்ட் என்று அடித்துக்கொள்வது

இந்த இரண்டு சொல்லும் படாதபாடு படுகின்றன. விதி வெளிப்படையாகத் தெரிந்த மாய அமைப்பு ஹார்டு மேஜிக், தெரியாமல் மூடியிருப்பது சாஃப்ட் மேஜிக் என்பது பொதுவான பேச்சு. அதற்குமேல், ஹார்டு என்றால் உயர்ந்தது, விஞ்ஞானபூர்வமானது, சாஃப்ட் என்றால் சோம்பேறித்தனம் என்று ஒட்டிக்கொண்டவை எல்லாம் தப்பு.

நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் 2007-ல் எழுதிய கட்டுரையில் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரு சிக்கலை மந்திரத்தால் தீர்க்க எழுத்தாளருக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அது அந்த மந்திரம் வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எழுத்தாளருக்குப் புரிந்திருப்பது கணக்கில் வராது; வாசகருக்கு, அதுவும் தீர்வு வருவதற்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். சிக்கலை உண்டாக்க இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. புரியாத சாபம் வந்து ஊரை விழுங்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். புரியாத வரம் வந்து ஊரைக் காப்பாற்றினால் புத்தகத்தைத் தூக்கிப் போடுவார்கள். ஒரே பொருளில் இரண்டும் கலந்திருப்பதுதான் வழக்கம். அந்த மோதிரம் ஆளை மறைக்கும், மனதைக் கெடுக்கும், உருவான எரிமலையில்தான் அழியும் என்பவை நமக்குத் தெரியும். எப்படி மறைக்கிறது என்பது தெரியாது, கேட்கவும் தோன்றுவதில்லை.

தாய்ப்பத்திரம்

பொருளின் வரலாற்றைக் கட்டுவதில் யாரும் திகில்கதை எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டைத் தாண்டியதாக எனக்குத் தெரியவில்லை. படித்தவனைப் பைத்தியமாக்கும் நெக்ரோனாமிகான் என்ற புத்தகத்தை அவர் தன் கதைகளுக்காக இட்டுக்கட்டினார். இன்றைக்கும் அது நிஜமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நிஜம் இல்லை, கேட்ட வாசகர்களுக்குத் தான் கற்பனை செய்ததுதான் என்று அவரே கடிதம் எழுதியிருக்கிறார். பிறகு எப்படி இவ்வளவு பேர் நம்பினார்கள்?

1927-ல் அவர் அந்தப் புத்தகத்துக்கு ஒரு வரலாறு எழுதினார். அரபு மூலம், கிரேக்க மொழிபெயர்ப்பு, 1228-ல் ஓலாஸ் வோர்மியஸ் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு, 1232-ல் போப் ஒன்பதாம் கிரிகோரி போட்ட தடை. இந்தப் போப் நிஜம், அந்த வருஷம் அவர் பதவியில் இருந்ததும் நிஜம். வோர்மியஸும் நிஜ ஆள்தான், ஆனால் டென்மார்க் மருத்துவரான அவர் வாழ்ந்தது 1588 முதல் 1654 வரை. கிரேக்கப் பிரதி கடைசியாகக் கண்ணில் பட்டது சேலத்தில் ஒருவருடைய நூலகம் 1692-ல் எரிந்தபோது என்கிறார். நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம், சூனியக்காரிகள் என்று சொல்லி ஆட்களைத் தூக்கிலிட்ட வருஷம் அது. பிரதி இருக்கும் இடங்களாக பிரிட்டிஷ் மியூசியம், ஹார்வர்டு என்று நிஜப் பெயர்களை அடுக்கி, நடுவில் தானே கற்பனை செய்த பல்கலைக்கழகம் ஒன்றையும் செருகிவிட்டார். நண்பர்களான மற்ற எழுத்தாளர்களும் தங்கள் கதைகளில் அந்தப் புத்தகத்தைக் குறிப்பிட்டார்கள். 1937-ல் லவ்கிராஃப்ட் இறந்துபோனார். 1977-ல் நியூயார்க்கில் அதே பெயரில் ஒரு புத்தகம் அச்சாகி விற்பனைக்கே வந்துவிட்டது.

இதில் கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை, விடுபட்ட இடங்களை எங்கே வைப்பது என்பது. அவருடைய வரலாற்றில் புத்தகம் கிடைப்பதைவிடத் தொலைவதும் எரிவதும் தடைபடுவதும்தான் அதிகம். தாய்ப்பத்திரம் முழுசாக இருந்தால் வக்கீல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். நடுவில் ஒரு பத்திரம் காணவில்லை என்றால்தான் நிமிர்ந்து உட்காருவார்.

ஒன்றைச் செய்து பார்ப்போம்

ஒரு மரக்கால். எந்த வேலைப்பாடும் இல்லாத, அடி தேய்ந்த பழைய மரக்கால். அதில் நெல் அளந்தால் குவியல் குறையாது. இதுவரை சொன்னது சக்தி மட்டும். பொருள் இன்னும் பிறக்கவில்லை.

முதலில் முறை. களத்துமேட்டில் நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்குவது நம் ஊர் வழக்கம். அதையே செய்சொல்லாக எடுத்துக்கொள்வோம். தலைதட்டி அளந்து லாபம் என்று சொன்னால் பலிக்கும். ஒன்று என்று சொல்லிவிட்டால் வெறும் மரம். விலைக்குத் தொற்று விதியை வைப்போம். இந்த மரக்கால் நெல்லை உண்டாக்குவதில்லை, இழுக்கிறது. கடைசியாக எந்த வீட்டு நெல் அதைத் தொட்டதோ, அந்த வீட்டுக் குதிரிலிருந்து அதே அளவு குறையும். சொந்த நெல்லைப் போட்டு அளந்தால் சொந்தக் குதிர்தான் காலியாகும். ஆக, முதலில் பக்கத்து வீட்டில் போய் ஒரு கைப்பிடி கடன் கேட்க வேண்டும்.

இப்போது அந்த ஊர் எப்படி இருக்கும் என்று பாருங்கள். யாரும் யாருக்கும் நெல்லாகவோ அரிசியாகவோ கைமாற்றுக் கொடுக்க மாட்டார்கள். பசிக்கிறதா, வா, சோறு போடுகிறேன், தானியமாகக் கேட்காதே என்பார்கள். பிச்சைக்கும் சோறுதான். அறுவடை முடிந்ததும் களத்தில் சிந்திய மணி ஒன்றுகூட விடாமல் கூட்டி அள்ளுவார்கள். குருவிக்கு இரை விடுகிறவளை மாமியார் திட்டுவாள். கல்யாணத்தில் அட்சதை தூவலாமா என்பது ஒரு வழக்காகவே பஞ்சாயத்துக்கு வரும். எந்த வீட்டில் மரக்கால் இருந்தாலும் சந்தேகம்தான், ஏனென்றால் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கடைசியில் ஊர்கூடி ஒரு கட்டுப்பாடு கொண்டுவரும்: எல்லா மரக்காலிலும் இரவில் கோயில் நெல் ஒரு பிடி போட்டு வைக்க வேண்டும், அப்போது யார் வீட்டுக் குதிருக்கும் சேதம் வராது.

கோயில் களஞ்சியத்துக்கு வரும். வைகாசியில் கணக்கப்பிள்ளை இருப்பைச் சரிபார்க்கும்போது நாற்பது கலம் குறைகிறது. திருடிய தடயம் இல்லை, எலி தின்றதாகவும் இல்லை, சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. தர்மகர்த்தா கணக்கேட்டைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். கதையை இந்தக் கணக்கப்பிள்ளையிடமிருந்து தொடங்கலாம்; மரக்கால் யார் வீட்டில் இருக்கிறது என்பதை நீங்களும் இன்னும் முடிவு செய்ய வேண்டியதில்லை.